அண்ணன் சொன்ன சாட்சி

என் அண்ணனை முதன்முதலில் ரத்தம் வர அடித்தவர் எங்கள் அப்பா. ஷட்டரை இழுத்து மூடுகிற கொக்கிக் கம்பியால் அடித்தார். சிவகாசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அண்ணனுக்கு அப்போது மீசை முழுதாகக்கூட வளரவில்லை. மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். நான் விருதுநகரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். பயர் ஆபீஸ் என்பார்கள். வேலைக்குப் போகிற பெண்களும் ‘ஆபீசுக்குப் போறோம்’ என்றுதான் சொல்வார்கள். அப்பா ஊருக்குள் உட்கார்ந்து வடநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்வார். ஆபீஸ் முழுக்கச் சித்தப்பா பொறுப்பு. அண்ணன் படிப்பை முடித்துவிட்டு வந்தால் லைசென்ஸ் விவகாரங்களைப் பார்த்துக்கொள்வான் என்பது அப்பாவின் கணக்கு. மதுரையில் அவன் ஒரு சின்ன சோசலிசக் கட்சியின் மாணவர் அணியில் சேர்ந்திருந்தது அப்பாவுக்குத் தெரியும். கல்யாணம் ஆனால் எல்லாம் தெளிந்துவிடும் என்று சிரிப்பார். அண்ணனும் சிரித்துவிட்டுச் சாப்பிடுவான்.

அந்த வருடம் தீபாவளி சீசனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவனை ஆபீசுக்கு அனுப்பியிருந்தார்கள். லாரியில் லோடு ஏறுவதைப் பார்ப்பது அவன் வேலை. வெடிமருந்து செலுத்துகிற அறைகளுக்கு நான்கு பக்கமும் கதவு இருக்கும். எல்லாக் கதவும் திறந்தே இருக்க வேண்டும், ஏதாவது பற்றினால் யாருக்கு எந்தக் கதவு பக்கமோ அதன் வழியாக ஓட வேண்டும். சீசனில் சரக்கு வைக்க இடமில்லாமல் போய்விட்டது. அன்று காலையில் சித்தப்பா ஒரு அறையின் பின்பக்கக் கதவையும் பக்கவாட்டுக் கதவையும் சாத்தச் சொல்லி, அவற்றை ஒட்டி வெளியே அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சொன்னார். அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தான். ‘அது கதவு சித்தப்பா’ என்று சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள் லோடு போய்விடும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

லோடு போகவில்லை. அதற்குள் அறை வெடித்துவிட்டது.

ஊருக்குள் எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடி அதிர்ந்ததை நான் கேட்டேன். சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

அண்ணன் அறையை நோக்கி ஓடியிருக்கிறான். லோடு ஏற்றுகிற ஒருவர் மட்டும் அவனோடு போயிருக்கிறார். முன்கதவுப் பக்கம் தீ. பின்னால் போய் இருவரும் பெட்டிகளை இழுத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டதாம். பெட்டிகளை இழுத்து முடிப்பதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கதவைத் திறந்தபோது ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து நடந்து வந்திருக்கிறார். உடம்பில் சேலை இல்லை, தோலும் இல்லை. அண்ணனைப் பார்த்து, ‘சின்ன மொதலாளி, கொஞ்சம் தண்ணி தாங்க’ என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கொடுத்தான். வேனில் ஏற்றிப் போகும் வழியில் அவரும் இறந்துவிட்டார்.

மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் அம்மா அவன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அவன் சட்டையை நான் வாங்கிப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன். அதற்குப் பிறகு பல வருடம் கறி தின்ன என்னால் முடியவில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். அதற்குள் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். செத்துப்போன பெண்களில் ஒருத்தி மருந்துத் தட்டைக் கைதவறிப் போட்டுவிட்டாள் என்பதுதான் பேச்சு. அவள் வந்து மறுக்கப் போவதில்லை. அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், சித்தப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஈரத்தலையோடு கூடத்துக்கு வந்தான். கதவுகளைச் சாத்திச் சரக்கு அடுக்கியிருந்தது, அதை அடுக்கச் சொன்னது சித்தப்பா, நான் என் காதால் கேட்டேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றான். போட்டான்.

போலீஸ் வண்டி தெருவைத் தாண்டியதும் அப்பா கம்பியை எடுத்தார்.

“உன் சித்தப்பனை ஜெயிலுக்கு அனுப்பவாலே உன்னைப் படிக்க வச்சேன்?”

“பெட்டியை இழுத்தது நான்ப்பா. உள்ள தட்டுனாக. எனக்குக் கேட்டுச்சு.”

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, ஓடவும் இல்லை. அம்மா அப்பாவின் கையைப் பிடித்தாள், அவர் உதறியதில் அவள் தூணில் மோதி விழுந்தாள். அடுத்த அடி காதுக்கு மேல் பட்டுத் தலை கிழிந்தது. சித்தப்பாதான் கடைசியில் கம்பியைப் பிடுங்கினார். ‘விடுங்கண்ணே, போதும்’ என்று அவர் அழுதார். அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவன் ஒரு இரவுகூடத் தங்கவில்லை.

சித்தப்பா கைதாகி, சில நாட்களில் ஜாமீனில் வந்தார். வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்தது. ஆபீசுக்கு வேறு பெயரில் லைசென்ஸ் வாங்கினார்கள். வேலைக்கு அதே ஊர்களிலிருந்து அதே பெண்கள் வந்தார்கள். செத்தவர்களின் தங்கைகளும் வந்தார்கள். மழை இல்லாத மண்ணில் வேறு எங்கே போவார்கள்?

அண்ணன் படிப்பை முடித்துவிட்டுத் திருத்தங்கலில் ஒரு மாடி அறையில் குடியிருந்தான். கோர்ட்டுக்குப் போனான், கட்சிக்கு முழுநேர ஆளானான். பட்டாசுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினான். கதவைத் திறந்து வை, ஆளை அடைக்காதே, செத்தால் செத்தவள் மேல் பழி போடாதே என்று இந்த மூன்றைத்தான் ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் பேசினான். ஆரம்பத்தில் யாரும் நின்று கேட்கவில்லை. முதலாளி வீட்டுப் பையன் சொத்தில் பங்கு கேட்டுக் கிடைக்காத கோபத்தில் திரிகிறான் என்று பேசிக்கொண்டார்கள். வேன் பின்னால் ஓடி ஓடிப் பேசுவான். ஒரு போர்மேன் அவன் மேல் சாணித் தண்ணீரை ஊற்றினான். இன்னொரு இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

எனக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. என் கணவர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருந்தார். வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் தொழில். ஆர்டர் கொடுப்பவர்கள் எல்லாரும் ஆபீஸ் முதலாளிகள். அதனால் அண்ணன் எங்களைப் பார்க்க வந்தால் பின்பக்கம், பேப்பர் கட்டுகள் இறக்குகிற வாசல் வழியாகத்தான் வருவான். என் கணவர் அதிகம் பேச மாட்டார். ‘மச்சானுக்குச் சோறு போடு’ என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினைப் பார்க்கப் போய்விடுவார். அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் கட்டுகள் மேலேயே படுத்துத் தூங்குவான்.

சங்கம் மெல்ல வளர்ந்தது. ஒரு சீசனில், கதவை அடைக்கிற ஆபீசுகளுக்கு வேலைக்குப் போவதில்லை என்று பெண்கள் நின்றார்கள். சில ஆபீஸ்களில் லோடு போகாமல் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை, கலெக்டரிடம் மனு கொடுக்க, அவர் அலுவலகம் இருக்கிற சூலக்கரைக்கு அண்ணன் அவர்களை அழைத்துப் போனான். அச்சகத்து வேலையாக நானும் அன்று அங்கே போயிருந்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றிருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும், வா என்று கையை உயர்த்தினான்.

இரண்டு பைக்குகள் வந்து நின்றன. இறங்கியவர்கள் முதுகுப் பக்கம் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினார்கள். நான் ரோட்டின் நடுவில் நின்றேன். கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. முதல் வெட்டு அண்ணனின் தலைக்கு வந்தது. என்னைக் கூப்பிட உயர்த்திய அதே கையால் அதைத் தடுத்தான். இரண்டு விரல்கள் டீக்கடை பெஞ்சில் விழுந்தன. அடுத்தது தோளில், அடுத்தது நெற்றியில். டீக்கடைக்காரர் கொதிக்கிற பால் சட்டியைத் தூக்கி ஒருவன் முகத்தில் வீசினார். அதற்குள் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். தூக்குவாளி, செருப்பு, கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். மற்றவர்கள் பைக்கில் ஏறிப் போய்விட, பால் பட்டவன் மட்டும் மாட்டிக்கொண்டான். ஒரு அம்மாள் எவர்சில்வர் தூக்குவாளியால் அவன் வாயிலேயே அடித்துக்கொண்டிருந்தார். பற்கள் தெறித்தன. கலெக்டர் ஆபீஸ் காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கள் வந்து இழுத்திராவிட்டால் அவன் அங்கேயே செத்திருப்பான்.

நான் அண்ணனின் தலையை மடியில் வைத்து முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தேன். யாரோ விரல்களைப் பொறுக்கி ஐஸில் போட்டுக் கொடுத்தார்கள். மதுரையில் ஒட்ட முடியவில்லை.

அவர்களை அனுப்பியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. பிடிபட்டவன் வாயைத் திறக்கவில்லை. அப்பா மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறைக்குள் வராமல் வராந்தாவிலேயே என்னைக் கூப்பிட்டார். வேட்டி அழுக்காகியிருந்தது, பஸ்ஸில் வந்திருக்க வேண்டும்.

“நான் ஆள் விடலை பாப்பா. அதை மட்டும் அவன்கிட்டச் சொல்லிரு.”

உள்ளே போய்ச் சொன்னேன். அண்ணனுக்கு நெற்றிக்கட்டு கண்வரை இறங்கியிருந்தது.

“அப்பாவுக்கு அடிக்கணும்னா அவரே வந்து அடிப்பாரு. எனக்குத் தெரியும்னு சொல்லு” என்றான்.

அடுத்து வந்த தேர்தலில் பெரிய கட்சிக் கூட்டணியில் அவர்கள் கட்சிக்கு ஒரு இடம் கிடைத்தது. கட்டுப் போட்ட கையோடு திறந்த ஜீப்பில் நின்றவனைப் பார்த்து ஜனம் ஓட்டுப் போட்டது. சில ஊர்களில் கல்லும் விழுந்தது. ஒரு ஊரில் ஜீப்பைக் கவிழ்த்தார்கள். ஜெயித்த அன்று என் அச்சகத்தில் எல்லாரும் தலைநிமிராமல் வேலை பார்த்தார்கள். மெஷின் ஓட்டுகிறவர் மட்டும் என்னிடம் வந்து ஒரு கடலை மிட்டாயை நீட்டிவிட்டுப் போனார்.

சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் அவன் பழைய சட்டைகளைத்தான் போட்டான். விருதுநகர் கட்சி அலுவலகத்தில் பெஞ்சில் படுப்பான். வெடிச்சத்தம் கேட்டால் தீயணைப்பு வண்டிக்கு முன்பே அங்கே இருப்பான். சட்டமன்றத்தில் எந்த மானியக் கோரிக்கை வந்தாலும் சுற்றி வளைத்து வெடி ஆபீஸ் கதவில் கொண்டுவந்து நிறுத்துவான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். தீக்காயத்துக்கு மதுரை வரை தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், இங்கேயே வார்டு வேண்டும் என்று அலைந்தான். வார்டும் வந்தது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அதில் முதல் நோயாளிகள் வந்து படுத்தார்கள்.

அவனைக் கட்சிக்குக் கொண்டுவந்தவர் மாவட்டச் செயலாளர். அண்ணன் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். அப்பாவிடம் அடிபட்டு வீட்டை விட்டு வந்த நாளில் அவனுக்குச் சோறு போட்டவர் அவர். எனக்கும் அவர்மேல் மரியாதை இருந்தது.

சித்தப்பா வழக்கு அப்போதுதான் விசாரணைக்கு வந்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். அண்ணனோடு சேர்ந்து பெட்டிகளை இழுத்தாரே, அந்த மனிதரும் கூண்டில் ஏறித் தான் அன்று லீவு என்று சொல்லிவிட்டு இறங்கினார். போகும்போது அண்ணனைப் பார்க்கவில்லை. கடைசியில் அண்ணன் ஒருவன்தான் மிச்சம். அந்த நேரத்தில் செயலாளர் என் அச்சகத்துக்கே வந்தார். சித்தப்பாவும் அவர் ஆட்களும் கூட்டணிக்கு வேண்டியவர்கள், அண்ணன் கோர்ட்டில் ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லாவிட்டால் அடுத்த தடவை இந்த இடம் கட்சிக்குக் கிடைக்காது என்றார். கட்சியே இருக்காதும்மா என்று சொல்லிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் நடிக்கவில்லை. ஆயுள் முழுவதையும் அந்தச் சின்னக் கட்சிக்கே கொடுத்தவர்.

நான் அண்ணனிடம் அதைச் சொன்னேன். எனக்கே அவன் சாட்சி சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தது. இன்னும் எத்தனை வெட்டை அவன் உடம்பு தாங்கும்? பயத்திலும் கோபத்திலும் கேட்டேன்.

“செத்தவுக திரும்பியா வரப்போறாக? ஏன்ணே இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீக?”

“நான் ஞாபகம் இல்லைன்னு சொன்னா, தட்டைத் தவறவிட்டது அந்தப் புள்ளைன்னு ஆயிரும் பாப்பா. அவ அப்படிச் செய்யலை.”

கோர்ட்டுக்கு நானும் போனேன். சித்தப்பாவின் வக்கீல் அவனைச் சொத்துக்கு அலைகிறவன் என்றார், குடும்பத்தை அழிக்கப் பிறந்தவன் என்றார், அரசியலில் ஏற ரத்த உறவை மிதித்தவன் என்றார். சித்தப்பா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றார். அண்ணன் முன்பு சொன்னதையே சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மறுநாள் காலையில் விருதுநகர் கட்சி அலுவலகத்தில் அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்தினார்கள். கொடிக்கம்பாலும் நாற்காலியாலும் அடித்தார்கள். எல்லாரும் அவனோடு ஜீப்பில் வந்தவர்கள், அவனுக்குப் போஸ்டர் ஒட்டியவர்கள். ஒருவன் நாற்காலிக் காலால் முகத்தில் குத்தியதில் இடது கண் போனது. செயலாளர் உள் அறையில் இருந்தாராம். வெளியே வரவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் அவனை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தபோது முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. யாரென்று கேட்டேன். ‘நம்ம ஆளுகதான்’ என்றான். அதைச் சொல்லிவிட்டு அழுதான். அப்பா அடித்தபோதும் வெட்டுப்பட்டபோதும் அவன் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு போலீஸ்காரரைக் கூப்பிட்டு, அடித்தவர்கள் பெயரையெல்லாம் சொன்னான். கடைசியாக மாமா பெயரையும் சொன்னான்.

கட்சி அவனை நீக்கியது. சித்தப்பாவுக்கு விடுதலை கிடைத்தது. குடும்பப் பகையுள்ள ஒரே சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. எங்கள் அச்சகத்துக்கு லேபிள் ஆர்டர்கள் நின்றன. ஒருநாள் பாதி அடித்த லேபிள்களை அப்படியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையாரும் மயிலும் குட்டிக் குழந்தையும் சிரிக்கிற தாள்கள் மூலையில் மலைபோலக் கிடந்தன. என் கணவர் அவற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு, இனி காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடிப்போம் என்றார். அண்ணன் இனி முன்வாசல் வழியாகவே வரட்டும் என்றும் சொன்னார். அந்த மனிதரோடு நான் சண்டை போட்டதெல்லாம் அன்றோடு தீர்ந்தது.

அடுத்த தேர்தலில் அண்ணன் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தான். மல்லாங்கிணற்றில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிபோனான். விருதுநகர் கோர்ட்டில் தொழிலாளர் வழக்குகளை நடத்தினான். அப்பா இறந்தபோது, அவன் கொள்ளி வைக்கக் கூடாது என்று சித்தப்பா பக்கத்து ஆட்கள் சுடுகாட்டில் சட்டையைப் பிடித்தார்கள். தள்ளுமுள்ளில் பாடை சரியப் பார்த்தது. வழக்கமாகப் பெண்கள் அங்கே போவதில்லை. அம்மா போனாள். ‘அவன் வைக்கலேன்னா நான் வைக்கிறேன்’ என்று போய் நின்றாள். சட்டையைப் பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள். அண்ணன் வைத்தான்.

சித்தப்பாவுக்கு வயதாகி, அவர் மகன் ஆபீசை எடுத்துக்கொண்டான். சின்ன வயதில் அண்ணன் தோளில் ஏறித் திரிந்தவன். அண்ணனோடு பேச்சுவார்த்தையே இல்லாமலிருந்தது. சமீபத்தில், ஒரு சீசன் காலையில், அண்ணன் என் அச்சகத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒன்றல்ல, அடுத்தடுத்து. கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. சித்தப்பா மகன், அந்தத் தம்பிதான். “அண்ணே, வாங்கண்ணே, என்னைக் கொன்னுருவாக” என்று கத்தியது எனக்கே கேட்டது.

காரை நான்தான் ஓட்டினேன். ஆனைக்குட்டம் ரோட்டில் மக்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆபீசின் ஒரு பக்கம் முழுக்கத் தரைமட்டமாகியிருந்தது. வேப்பமரத்தில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. துணி மட்டும்தான் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். உடனே குனிந்துகொண்டேன். இத்தனை வருடம் அண்ணன் போய் நின்ற இடங்களில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

தம்பி கணக்கறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தான். வெளியே கூட்டம் கடப்பாரையால் கதவைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. போலீஸ் ஒரு ஜீப்தான் வந்திருந்தது, அதுவும் தள்ளி நின்றது. அண்ணன் கூட்டத்துக்குள் புகுந்தான். அவனைத் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை, வழிவிட்டார்கள். கதவைத் தட்டி, நான்தான் என்றான். தம்பி திறந்ததும் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுத் தன்னோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“இவனுக்கு எதிரா கோர்ட்டுல நானே நிப்பேன். உங்க எல்லாருக்கும் தெரியும், நிப்பேன்னு. ஆனா இங்கன வச்சு இவனைக் கொல்ல விடமாட்டேன்.”

சிலர் பின்வாங்கினார்கள். ஒருவர் பின்வாங்கவில்லை. அவருடைய மனைவி அந்த இடிபாட்டுக்குள் இருந்தார். ‘கடைசியில உங்க ரத்தம்தானே உங்களுக்கு’ என்று சொல்லிக்கொண்டே ஒரு கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கித் தம்பியின் தலையைப் பார்த்து வீசினார். அண்ணன் குறுக்கே திரும்பினான். கல் அவன் வலது காதில் பட்டது. முழங்கால் மடிந்து விழுந்தவன் தம்பியை விடவில்லை, அவன் மேலேயே கவிழ்ந்துகொண்டான். அதன்பின் கல் மழையாக விழுந்தது. நான் உள்ளே ஓடினேன், என் முதுகிலும் அடி விழுந்தது. சங்கத்துப் பெண்கள் சிலர் சுற்றி நின்று கையைக் கோத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் மண்டை உடைந்தது. எப்படியோ என் காருக்கு வந்து சேர்ந்தோம்.

தம்பி பின்சீட்டில் அண்ணன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நீங்கதான் காப்பாத்தணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அண்ணனின் காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“உள்ள எம்புட்டுப் பேருலே இருந்தாக?”

தம்பி முகத்தை இன்னும் அழுத்திப் புதைத்துக்கொண்டான்.

“கேட்டேன்லே.”

“தெரியலைண்ணே. ரூமையெல்லாம் உள்குத்தகைக்கு விட்டிருந்தேன். அவங்க ஆள் கூட்டிட்டு வருவாங்க.”

அண்ணன் அவனை அறைந்தான். மூன்று விரல் கையால், மாறி மாறி, தம்பியின் உதடு கிழிகிற வரைக்கும். என் அண்ணன் ஒருவரை அடித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பா கம்பியை எடுத்தபோது இருந்த முகம் அப்படியே இருந்தது. பிறகு அவனே கையை இறக்கிக்கொண்டான். தம்பி விசும்ப, காவல் நிலையம் வரை அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கி, உள்ளே அழைத்துப் போய், அவன் என்னிடம் இப்படிச் சொன்னான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வலது காது அதோடு போய்விட்டது.

தம்பி சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். ஆபீசைப் பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். உள்குத்தகை எடுத்தவர்கள் தலைமறைவாக இருந்து ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். சித்தப்பா ஒருநாள் மல்லாங்கிணற்றுக்கு வந்தார், நானும் அன்று அங்கே இருந்தேன். தடியை ஊன்றி வாசலிலேயே நின்றார். என் மகனை உயிரோடு கொடுத்தாய், அதற்காக வந்தேன் என்றார். அண்ணன் அவரை உட்காரச் சொன்னான். வழக்கில் சாட்சி சொல்வேன் சித்தப்பா, அதில் மாற்றமில்லை என்றும் சொன்னான். சரிப்பா என்று அவர் சொன்னார். உட்காராமலே போய்விட்டார்.

கல்லை வீசியவர் சில மாதம் கழித்து வந்தார். மனைவியின் உடலில் பாதிதான் கிடைத்தது, நஷ்டஈட்டு வழக்குக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை என்று சொல்லி அழுதார். கல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. அவருடைய வக்காலத்தில் கையெழுத்து வாங்கினான். ஒற்றைக் கண்ணோடு அண்ணன் வண்டி ஓட்டுவது ஆபத்து என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். இப்போது விசாரணை நாட்களில் அந்த மனிதர் மல்லாங்கிணற்றுக்கு வந்து, அண்ணனைத் தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து விருதுநகர் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறார். அண்ணனுக்குக் கேட்கிற காது இடதுதான் என்பதால், பேசும்போது கழுத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பேசுகிறார்.